'மீள்சுழற்சிக்குரியது' என்று அச்சிட்ட பையை எங்கே கொடுப்பது?

கொழும்பு 06

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

பொருள்: பாத்திரம் கழுவும் திரவத்தின் போத்தல், மீள்நிரப்புப் பை ஆகியவற்றின் மேலுள்ள 'நூறு வீதம் மீள்சுழற்சிக்குரியது' என்ற அறிவிப்புப் பற்றிய முறைப்பாடு

உங்கள் திரவத்தில் எனக்குக் குறை இல்லை. கருவாட்டுச் சட்டியின் நெடியைக்கூடப் போக்கிவிடுகிறது. என் முறைப்பாடு, அது அடைக்கப்பட்டு வரும் போத்தலையும் பையையும் பற்றியது. குறிப்பாக, அவற்றின் மேல் நீங்கள் அச்சிட்டிருக்கும் வாக்குறுதியைப் பற்றியது.

இரண்டிலும் 'நூறு வீதம் மீள்சுழற்சிக்குரியது' என்று போட்டிருக்கிறீர்கள். பையின் பின்புறத்தில், வெற்றுப் பையைத் திருப்பிக் கொடுத்துக் காலநிலை மாற்றத்தைத் தடுக்க உதவியதற்காக எங்களுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள். செய்யாத உதவிக்கு நன்றி வாங்குவது கூச்சமாக இருக்கிறது. செய்வதற்கு வழி இருந்தால் அல்லவா செய்வது?

பையில் உள்ள அறிவுறுத்தலின்படி, சுப்பர் மார்க்கெட்டில் உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் அதைப் போட வேண்டும். காலி வீதியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் அந்தப் பெட்டி முதலில் நிரம்பி வழிந்தது. பிறகு யாரோ தேநீர்க் கோப்பைகளையும் வாழைப்பழத் தோலையும் அதற்குள் போடத் தொடங்கினார்கள். இப்போது பெட்டியே இல்லை. அந்த இடத்தில் உங்கள் திரவத்தின் விலைக்கழிவு விளம்பரம் நிற்கிறது. காவலாளியிடம் கேட்டால் முகாமையாளரைக் கேளுங்கள் என்கிறார். முகாமையாளரோ அது நிறுவனத்தின் பொறுப்பு என்று முடித்துக்கொள்கிறார். உங்கள் தொலைபேசிச் சேவையில் பேசிய பெண் பிள்ளை மிகவும் மரியாதையாக, பையை வெட்டி விரித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து அதே பெட்டியில் போடும்படி சொன்னார். பெட்டி இல்லை என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

காயவைப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது தொடர்மாடி. துணி காயப்போடவே இடம் போதாத பல்கனியில், தென்மேல் பருவமழை நாளில், உள்ளே வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும் பையைக் காயவைத்துப் பாருங்கள். கழுவக் கழுவ நுரை வருகிறது. அந்த நுரையை ஓட்டுவதற்குச் செலவாகும் தண்ணீரை உங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா? காயாமல் குவித்து வைத்தால் கரப்பான் வருகிறது. வெளியே வைத்தால் வெள்ளவத்தைக் காகங்கள் அதைக் கொத்திக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டார் கொடியில் போடுகின்றன. அந்தப் பக்கத்து வீட்டாருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

பழைய பேப்பரும் போத்தலும் வாங்க எங்கள் ஒழுங்கைக்கு வருபவர் பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருப்பவர். தண்ணீர்ப் போத்தலை எடுக்கிறார், தகரப் பேணியை எடுக்கிறார், அட்டைப் பெட்டியை நிறுத்துக் காசு தருகிறார். உங்கள் பையைத் தொடவும் மாட்டார். போத்தலைக் கையில் எடுத்து, கழுத்திலிருந்து அடிவரை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த வண்ண உறையை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு, "இது போகாது அம்மா" என்று திருப்பித் தந்தார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கிறது. அதாவது பெட் பிளாஸ்டிக். உறையில் 3 இருக்கிறது. அது பீவீசி. இரண்டும் தண்ணீரில் மூழ்குபவை. அதனால் அரைத்துத் தண்ணீரில் போட்டாலும், ஒன்று மிதக்க ஒன்று தாழ்ந்து பிரிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பெட் உருகும் சூட்டில் பீவீசி சிதைந்து அமிலத்தைக் கக்கும். சிறிதளவு கலந்தாலே முழு உருகலும் மஞ்சளித்துத் தரம் கெட்டுவிடும். பையின் கதை இன்னும் மோசம். வெவ்வேறு பிளாஸ்டிக் படலங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த அந்தப் பைக்கு நீங்களே 7 என்று போட்டிருக்கிறீர்கள். 'மற்றவை' என்ற வகை. பொலித்தீன் ஏறத்தாழ 120 பாகையில் உருகும். பெட்டுக்கு 250 பாகை வேண்டும். இப்படி வெவ்வேறு சூட்டில் உருகுபவற்றை ஒன்றாக உருக்கி எடுக்க முடியாது. இவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலை எங்காவது இருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது, என் வீட்டிலிருந்து போகும் பை அங்கே போகிறதா என்பதுதான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. 2016 நவம்பரிலிருந்து குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறோம். 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொழும்பின் குப்பையை 170 கிலோமீற்றர் தள்ளி, புத்தளம் அருவக்காலுவுக்குக் கொண்டுபோகும் திட்டம் செயலுக்கு வந்தது. உங்கள் அழுக்கு எங்களுக்கு ஏன் என்று அங்குள்ள மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். கொழும்புக் குப்பையின் இன்னொரு பகுதி, 2021இல் திறந்த கெரவலப்பிட்டிய ஆலையில் மின்சாரத்துக்காக எரிக்கப்படுகிறது. உங்கள் பை அங்கே போய்ச் சேர்ந்தால் அது மீள்சுழற்சி அல்ல. பிளாஸ்டிக் பெற்றோலியத்திலிருந்து வருவது. அதை எரிப்பது எண்ணெயை எரிப்பதுதான். இடையில் சில வாரங்கள் என் சமையலறையில் தங்கிப் போகிறது, அவ்வளவே.

காலநிலையைப் பற்றிப் பேச்செடுத்தவர்கள் நீங்கள் என்பதால் மேலும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ புதிய பெட் செய்வதற்கு 2 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. பழைய போத்தலிலிருந்து செய்தால் அது வெகுவாகக் குறையும். ஆனால் போத்தல் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த இலாபம். மீள்நிரப்புப் பையில் உண்மையான நன்மை ஒன்று இருக்கிறது: அதே அளவு திரவத்துக்குப் போத்தலைவிட மிகக் குறைந்த பிளாஸ்டிக் போதும். அதை மட்டும் அச்சிட்டிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது. உள்ளதைச் சொல்லாமல் இல்லாததைச் சொன்னதுதான் எனக்குக் கோபம்.

நீங்கள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. தேங்காய்ச் சக்கையும் மீந்த சோறும் குப்பைமேட்டுக்குள் காற்றுப் படாமல் அழுகும்போது மெதேன் வருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு அளவில் சூடேற்றும் வாயு. கழிவைப் பிரித்து உரமாக்கக் கொடுப்பதற்கு ஒரு வீட்டார் ஒதுக்கும் பொறுமையை, எங்கும் போகாத ஒரு பையைக் கழுவிக் காயவைப்பதில் கரைத்துவிடுகிறீர்கள். பிரித்து என்ன பயன், எல்லாம் ஒரே லொறிக்குள்தானே போகிறது என்று எங்கள் தொடர்மாடியில் பலர் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் பை அவர்களுக்கு நல்ல சாட்சியமாகிவிட்டது.

எனக்கு விலைக்கழிவுச் சீட்டோ அன்பளிப்புப் பொதியோ அனுப்ப வேண்டாம். பையில் உள்ள 'நூறு வீதம்' என்ற அறிவிப்பை நீக்குங்கள். அல்லது அந்தப் பைகளை எந்த ஆலை எடுக்கிறது என்பதைப் பையிலேயே அச்சிடுங்கள். போத்தலின் பீவீசி உறையை விட்டுவிட்டு, கழுவினால் கழன்றுவிடும் சிறு லேபிளுக்கு மாறுங்கள். சேகரிப்புப் பெட்டி வைப்பதானால் அதை யார், எந்த நாளில் வெறுமையாக்குகிறார் என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

இவற்றைவிட நல்ல வழி, கடையிலேயே பழைய போத்தலில் திரவத்தை நிரப்பித் தருவது. முடியாத காரியம் என்று சொல்ல வேண்டாம். வெற்றுப் போத்தல் கொண்டுபோகாமல் ஒரு சோடா வாங்க முடியாத காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். கண்ணாடிப் போத்தல் கடைக்கும் தொழிற்சாலைக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. முற்பணம் கட்டியிருந்ததால் யாரும் அதை வாய்க்காலில் எறியவில்லை. அந்த முறையை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறும்படி நிறுவனங்களிடம் நாங்கள் கேட்கவும் இல்லை.

நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அறிவிப்புகளை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம், தமிழில், பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதி அந்தச் சபைக்குப் போகும்.

இத்துடன் வரும் பொதியில், உங்கள் சேவைப் பிரிவு சொன்னபடியே வெட்டி, கழுவி, காயவைத்த பைகள் இருக்கின்றன. பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு, அவற்றை எந்த இடத்துக்கு அனுப்பினீர்கள் என்பதைப் பதிலில் குறிப்பிடவும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர் ஒருவர்