தமிழர்களுக்கென்றே தயாரித்தது என்று விற்ற ஜப்பானிய ஒலிப்பாடங்கள்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்:
ஓராண்டுச் சந்தாதாரர்,
மேற்குத் தாம்பரம், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
ஒலிப்பாடப் பிரிவு.

பொருள்: ஜப்பானிய மொழி ஒலிப்பாடங்களில் உள்ள பிழைகள், சந்தாத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆண்டு மே மாதம் 4,799 ரூபாய் கட்டி உங்கள் ஒலிப்பாடங்களை வாங்கினேன். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தலைமை அலுவலகம் ஜப்பானில் இருப்பதால் அங்கிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். காதில் இயர்போனை மாட்டினால் உங்கள் பாடம்தான். 60 பாடங்களில் 48ஐ முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு நாள் கேட்டுவிட்டுக் குறை சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம்.

'தமிழர்களுக்கென்றே தயாரித்தது' என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். ஆறாம் பாடத்தில் சாயம் வெளுத்தது. "ஜப்பானிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். முதலில் விசித்திரமாக இருக்கும், பயப்படாதீர்கள்" என்கிறார் உங்கள் பாடத்தில் பேசும் அம்மணி. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். 'நான் டீ குடிக்கிறேன்' என்பதை ஜப்பானில் 'வதஷி வா ஒச்சா ஒ நொமிமஸ்' என்பார்கள். நான், டீ, குடிக்கிறேன்: அதே வரிசை. பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட பாடத்துக்கு மேலே ஒரு தமிழ்க் குரலை ஒட்டி எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

அதனால் எங்களுக்குச் சுலபமானதெல்லாம் கஷ்டம் என்று மணிக்கணக்கில் நீள்கிறது. 'ஒச்சா'வுக்குப் பின்னால் வரும் 'ஒ' நம் 'ஐ' வேற்றுமை உருபு மாதிரி, கேள்விக்குக் கடைசியில் 'கா' போடுவது 'போகிறீர்களா' என்பதில் உள்ள 'ஆ' மாதிரி என்று சொல்லியிருந்தால் நான்கு பாடங்கள் மிச்சம். 'தபெதெ மிரு' என்பதை 41ஆம் பாடத்தில் 'உண்ணுவதற்கு முயற்சி செய்தல்' என்று விளக்குகிறீர்கள். மிரு என்றால் பார். தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார், அவ்வளவுதான். 'கத்தெ ஒகு' அப்படியே வாங்கி வை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் 'கொரே, சொரே, அரே' பாடத்தைப் போட்டுக் காட்டினேன். 'இது, உது, அதுதானே' என்றார் (கேட்பவர் பக்கம் இருப்பது அவர்களுக்கு 'உது'). உங்கள் பாடத்தில் அதற்கு 22 நிமிடம்! (தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டதும், மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்காததும் தெரியும். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. ஒற்றுமை கண்ணெதிரே இருக்கும்போது பயன்படுத்தலாமே என்கிறேன்.)

உண்மையில் நாங்கள் தடுக்கி விழும் இடத்தில் உங்கள் பாடம் வாயே திறக்கவில்லை. தமிழில் 'த' என்ற ஒரே எழுத்துதான், இடத்தைப் பொறுத்து அழுத்தியும் மென்மையாகவும் ஒலிக்கிறது. ஜப்பானிய மொழியில் அது மாறினால் பொருளே மாறிவிடும். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உங்கள் கையேட்டில் 'தென்கி' என்று ஒரே மாதிரி அச்சாகியிருக்கிறது. முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் வானிலை, தளர்த்திச் சொன்னால் மின்சாரம். இது தெரியாமல் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவரிடம், இன்று நல்ல வானிலை என்று சொல்வதாக நினைத்துப் பேச்சை ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தார். பிறகு மிகப் பணிவாகத் தலையாட்டினார். எதற்கென்று அன்று மாலை பஸ்ஸில்தான் புரிந்தது.

அதே பெரியவரிடம் உங்கள் மூன்றாம் பாடத்து வாக்கியத்தையும் சொல்லித் தொலைத்தேன்: 'அனதா வா கோஹீ ஒ நொமிமஸ் கா?' 'நீங்கள்' என்ற சொல் இல்லாமல் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க முடியாது என்பதற்காக வாக்கியத்துக்கு வாக்கியம் 'அனதா'வைத் திணித்திருக்கிறீர்கள். மேலதிகாரியை ஜப்பானில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, பெயரோடு 'சன்' சேர்ப்பார்கள் அல்லது பதவியைச் சொல்வார்கள். நாம் மட்டும் என்ன, 'சார், காபி சாப்பிடுகிறீர்களா' என்றுதானே கேட்போம்? எங்கள் வாயில் தானாகவே வரும் மரியாதையை நீங்கள் பாடம் நடத்திக் கெடுத்துவிட்டீர்கள்.

குறில் நெடிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு 'ஒஜிசன்', தாத்தாவுக்கு 'ஒஜீசன்'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது ஒரு வரியில் புரியும். நீங்கள் கை தட்டி எண்ணச் சொல்கிறீர்கள். அப்புறம் கையேட்டைத் திறந்தால் மாமாவுக்கும் தாத்தாவுக்கும் 'ஓஜிசான்' என்றே இருக்கிறது.

இதுவரை சொன்னவை கற்பிக்கும் முறை பற்றியவை. 19ஆம் பாடத்தில் இருப்பது அப்பட்டமான தவறு. நான்கு மணிக்கு 'யொன்ஜி', ஒன்பது மணிக்கு 'க்யூஜி' என்று வருகிறது. எண்ணையும் 'ஜி'யையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. சரியானவை 'யொஜி', 'குஜி'. டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான என்5 எழுதினேன். 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60க்கு 19 கட்டாயம். மொத்தம் 98 எடுத்தேன், கேட்டலில் 17. முழுப் பழியையும் உங்கள் மேல் போடமாட்டேன், என் சோம்பலுக்கும் பங்குண்டு. ஆனால் 'குஜி' என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தது உங்கள் புண்ணியத்தில்தான்.

பதில் சொல்ல விடும் இடைவெளியும் போதவில்லை. ஆங்கிலக் கேள்விக்கு அளந்து வைத்த நேரத்தைத் தமிழ்க் கேள்வியே விழுங்கிவிடுகிறது. 11ஆம் பாடம், 7 நிமிடம் 40 நொடியில் கேட்டுப் பாருங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜப்பானியர் விடையைச் சொல்லிவிடுகிறார்.

இவற்றை ஜனவரி 28 அன்று மின்னஞ்சலில் எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று முதலில் ஒரு தானியங்கிப் பதில். ஒன்பது நாள் கழித்து, ஒலியின் வேகத்தைக் குறைத்துக் கேட்குமாறு இன்னொன்று. தவறான உச்சரிப்பை மெதுவாகக் கேட்டு நான் என்ன செய்வது?

எனவே 4,799 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மே மாதம் தானாகவே பணம் பிடிக்கும் ஏற்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். 19ஆம் பாடத்தைத் திருத்தும்வரை அதை யாருக்கும் விற்காதீர்கள். 'தமிழர்களுக்கென்றே' என்ற சொல்லையும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்துவிட்டு, தவறான விளம்பரம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

பணம் கட்டிய ரசீது, கையேட்டின் பக்கங்கள், இரண்டு மின்னஞ்சல்களின் நகல்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

பின்குறிப்பு: அந்தப் பெரியவர் ஏப்ரலில் மறுபடி வருகிறார். அதற்குள் 'தென்கி'யை எப்படிச் சொல்வது என்று யாராவது எனக்குப் பதிந்து அனுப்பினால், புகாரைத் திரும்பப் பெறமாட்டேன் என்றாலும், நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.