பறங்கிப் பாஷையைத் திருத்த வேண்டாம்

கிழக்கு மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு,

ஐரோப்பிய வம்சாவளியினரான மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் பேசும் போர்த்துக்கேய கிரியோலுக்கு (போர்த்துக்கேயம் உள்ளூர் மொழிகளோடு கலந்து உருவான மொழி) வகுப்புத் தொடங்குவதானால், லிஸ்பனிலிருந்து பாடநூலை வரவழைக்காதீர்கள். அது வேறு மொழி.

1638இல் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயர் போனார்கள், பாஷை போகவில்லை. ஒல்லாந்தர் அதை ஒழிக்கப் பார்த்தார்கள். கடைசியில் அவர்கள் பிள்ளைகளே வீட்டில் அதைப் பேசினார்கள். ஆட்சியின் மொழியாக இல்லாமலே நின்ற பேச்சு இது. அதை இன்று "கொச்சைப் போர்த்துக்கேயம்" என்று திருத்த வருவது அந்தப் பழைய அதிகாரத்தின் வேலைதான்.

இலக்கணத்தைப் பாருங்கள். மரியாவின் வீடு, லிஸ்பனில் "காசா த மரியா". இங்கே "மரியாசு காஸ": உடையவர் முன்னால், உருபு பெயரின் பின்னால், தமிழ் போலவே. வினையும் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில்தான் வரும். காலம் காட்டுவது வினைக்கு முன் நிற்கும் சிறு சொல்: ஜா வீ (வந்தார்), த வீ (வருகிறார்), லோ வீ (வருவார்). ஆளுக்கு ஆள் வினை மாறாது. லிஸ்பன் வாய்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் பேச்சைப் பிழை என்று சொல்லும். பாட்டி அந்தப் பிள்ளையிடம் தமிழிலேயே பேசத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது எழுத்து. பிள்ளைகள் தமிழ் மூலம் படிப்பவர்கள், அதனால் தமிழெழுத்தே போதும் என்று தோன்றும். போதாது. வாய் என்பதற்கான சொல்லை எழுதினால் "போக" என்றாகும். முதல் ஒலி அதிர்வொலி (b) என்பதும், நடுவில் உள்ளது வல்லின ககரம் (k) என்பதும் தெரியாது. கடைசியில் தேயும் உயிருக்கும் குறி இல்லை. ரோமன் எழுத்தில், நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பொருள் கொடுங்கள்.

பாடத்துக்கு முன் ஒலிப்பதிவு வேண்டும். வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம், கோப்பைச் சுருக்கும்போது s, f போன்ற உரசொலிகள் மங்கும். வேவ் கோப்பு, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். சட்டையில் மாட்டும் மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே. மின்விசிறி நிறுத்தியிருக்க வேண்டும். பறங்கியர் ஆடிப் பாடும் கப்பிரிஞ்ஞாப் பாட்டை மட்டும் பதிந்து திருப்திப்படாதீர்கள்: பொருள் தெரியாமலும் பாட முடியும். தச்சுப் பட்டறையில் வேலை நடக்கும்போது, சமையலில், சண்டையில் பதியுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கப் பல நாள் வேலை ஆகும். பேசுபவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

தன் மொழியைப் பயன்படுத்தும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14(1)(ஊ) உறுப்புரையில் இருக்கிறது. முதற்கட்டமாக அந்தச் சம்பளத்துக்கு நிதி ஒதுக்குங்கள்.