தேனாற்றுக்குப் பணம் அனுப்புமுன்

அன்பு மகனுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு மட்டும் உன் மேல் கோபம், போன வாரம் நீ போன் செய்யவில்லையாம்.

தேனாற்றைச் சுத்தம் செய்ய ஊர்ப் பிள்ளைகள் பணம் திரட்டுவதைக் கேட்டு, நீயும் அனுப்புவதாகச் சொன்னாயாம். கொஞ்சம் பொறு. பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாக்கடையில் வருகிற தழைச்சத்தும் மணிச்சத்தும் அதற்கு நல்ல உரம். சீக்கிரமே பழையபடி மூடிவிடும்.

நீ இருக்கிற ஊரையே பார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நம்மவர்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் ஐயா இருந்த காலத்தில் சிங்கப்பூர் ஆற்றுப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்த வேண்டுமாம். 1977-இல் லீ குவான் யூ பத்து வருடக் கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகளையும் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளையும் ஆற்றங்கரையை விட்டு மாற்றினார்கள், வீட்டுக் கழிவைக் குழாயில் பிடித்தார்கள், சரக்குப் படகுகளைக்கூட அங்கிருந்து கிளப்பினார்கள். 1987-இல் வேலை முடிந்தது. இடம் பெயர்ந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

நம்முடையது மழையாறு. ஐப்பசி, கார்த்திகை போனால் மேலிருந்து நல்ல தண்ணீர் வராது. சாக்கடைக்கோ வருடம் முழுக்க ஐப்பசிதான். குளியலறை, சலவை இயந்திரத் தண்ணீர் எல்லாம் மழைநீர் வாய்க்காலில் விழுகிறது. செப்டிக் டேங்க் லாரி இரவில் எங்கே காலி செய்கிறது என்று ஊருக்கே தெரியும், கேட்பாரில்லை.

உன் அப்பத்தா கோடையிலும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து குடத்தை நிறைப்பார். மணலே வடிகட்டி. அதையும் அள்ளி விற்றாயிற்று. இப்போது அங்கே குச்சியை விட்டால் கறுப்புச் சேறு, கொப்புளம் கொப்புளமாக அழுகின முட்டை நாற்றம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை முடித்துவிட்டால், ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கிற வேறு வகை பெருகிவிடும். நாற்றம் அவற்றின் கைவேலை. மீன் அதற்கு முன்பே செத்திருக்கும். ஒரே நாளில் இப்படி ஆகியிருந்தால் ஊரே கூடிக் கத்தியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆனதால், ஆறென்றால் இப்படித்தான் என்று இப்போதுள்ள பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்?

பணத்தை வைத்திரு. தை மாதம் வரும்போது இரண்டு நாள் கூடுதலாக லீவு போடு. மேலிருந்து கீழே நடந்து, எந்தெந்த இடத்தில் குழாயும் வாய்க்காலும் ஆற்றில் இறங்குகின்றன என்று குறித்துக்கொள்வோம். அதை வைத்து மனு கொடுத்தால்தான் அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது. என் முழங்காலை நம்பித் தனியாக இறங்க முடியவில்லை. முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வா, எனக்கு எட்டாம் நம்பர்.

அன்புடன்,
அப்பச்சி