டெலிட் தட்டினால் எந்தப் பக்கம் அழியும்?

தக்கலை
ஞாயிறு ராத்திரி

மக்கா,

நாலு மாசமாக உனக்கு எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லாரும் சுகம். மழை விடாததால் பதினைந்து நாளாக ரப்பர் வெட்டு இல்லை. அம்மா உன்னைக் கேட்டாள்.

கடைக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. மூத்தவன் தன் பழைய மேக்கை, ஆப்பிள் கம்ப்யூட்டரை, தந்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். இருபது வருஷம் விண்டோஸில் பழகிய கை. கன்ட்ரோல் சி தட்டினால் காப்பி ஆகவில்லை; மேக்கில் அதற்குக் கமாண்டு கீயாம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டிக்கு விதவை பென்ஷன் மனு. முக்கால் மணி நேரம் நிரப்பிவிட்டு, வேறு ஜன்னலுக்குப் போக கமாண்டோடு டேப் தட்டினேன். விரல் பக்கத்து கியூவில் விழ, பிரவுசரே மூடிக்கொண்டது. பாட்டி ரேஷன் கார்டை மடியில் வைத்தபடி, "கரண்டு போச்சா மக்களே?" என்றாள். ஆமா என்றேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தக் கோபத்தில்தான் தோண்டினேன். கன்ட்ரோல் என்பது டெலிடைப் காலத்து கீ; இங்கே தட்டினால் தூரத்து மிஷினில் எழுத்து விழுமே, அது. கன்ட்ரோலோடு ஜி தட்டினால் அந்தப் பக்கத்து மிஷினில் மணி அடிக்குமாம்! 1984இல் வந்த முதல் மேக்கில் கன்ட்ரோலே கிடையாது. கமாண்டுக்கு முதலில் ஆப்பிள் படம்தான் போட்டிருக்கிறார்கள். மெனு முழுக்க ஆப்பிளாகக் கிடப்பது ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை. மேக்குக்குப் படங்கள் வரைந்த சூசன் கேர் என்ற அம்மா குறியீட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, நாலு மூலையிலும் சுழி போட்ட அந்தச் சதுரத்தை எடுத்தார். சுவீடனில் சுற்றுலா இடத்தைக் காட்டும் பலகையில் இருப்பது அது. பார்த்தால் நம்ம வாசல் கோலம் மாதிரியே இல்லையா? விண்டோஸ் கீ 1994இல்தான் வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் காப்பி, பேஸ்ட் எல்லாம் கன்ட்ரோலில் குடியேறிவிட்டன.

டெலிட் கதை இன்னும் மோசம். விண்டோஸில் டெலிட் வலப்பக்கம் அழிக்கும், மேக்கில் இடப்பக்கம். விண்டோஸில் இடப்பக்கம் அழிப்பதற்கு பேக்ஸ்பேஸ் என்று பெயர். மேக்கைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் நம்ம டைப்ரைட்டிங் மாஸ்டர் நினைவு வந்தது. பேக்ஸ்பேஸ் தட்டி, தப்பின் மேல் எக்ஸ் எக்ஸ் என்று அடிப்பாரே! டைப்ரைட்டரில் பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது, தாள் மாட்டிய வண்டியை ஓர் எழுத்து பின்னால் தள்ளும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் பெயர் விஷயத்தில் மேக்தான் யோக்கியன். விண்டோஸ் என்டர் என்கிற ரிட்டர்னும் அப்படியே. டிங் என்றதும் வண்டியை இழுத்துத் தள்ளுவோமே, அந்தப் பெயரை மேக் இன்னும் விடவில்லை. நீ டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் வண்டியைத் தள்ளித் தள்ளி மேசையோடு விழுந்த கதையை இங்கே எழுதவில்லை, பயப்படாதே.

சின்னவன் பேச்சைக் கேட்டு பழைய விண்டோஸ் கீபோர்டை மேக்கில் சொருகினேன். விண்டோஸ் கீ கமாண்டாகிவிட்டது, ஆனால் ஆல்ட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கிடக்கிறது. செட்டிங்கில் போய் கன்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றிவிட்டேன். இப்போது என் கை சரியான இடத்தில் விழுகிறது. நேற்று மூத்தவன் லீவில் வந்து உட்கார்ந்தவன், "அப்பா, இதை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கத்தினான்.

கரண்டு போச்சுடா என்றேன்.

சவேரியார் கோயில் திருவிழாவுக்கு கோட்டாறு வருவாய்தானே?

உன்
'எக்ஸ் எக்ஸ்'