ஞாயிறு பயிற்சி: கை, மணிக்கட்டு, முன்கை எக்ஸ்ரே

கதிரியக்கப் பிரிவு முன்னாள் மாணவர்களுக்கு வணக்கம்.

கை, மணிக்கட்டு, முன்கை ஆகியவற்றை எக்ஸ்ரே எடுக்கும் நிலைகளையும், எடுத்த படங்களை மதிப்பிடும் முறையையும் பயில, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மும்பை மாட்டுங்காவில் வழக்கமான அரங்கில் கூடுகிறோம்.

1. ஒவ்வொருவரும் மூன்று பழைய படங்களைக் கொண்டுவரவும். நோயாளியின் பெயரும் எண்ணும் கட்டாயம் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. முன்கையின் முன்-பின் படத்திற்கு (கதிர் முன்புறமிருந்து பின்புறம் செல்லும் படம்) உள்ளங்கை மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதையும், கவிழ்த்து வைத்தால் ரேடியஸ் (கட்டைவிரல் பக்க முன்கை எலும்பு) அல்னாவின் (சுண்டுவிரல் பக்க எலும்பு) குறுக்கே விழும் என்பதையும், மணிக்கட்டு, முழங்கை ஆகிய இரு மூட்டுகளும் படத்தில் அடங்க வேண்டும் என்பதையும் மீண்டும் படித்து வரவும். அவசரப் பிரிவில் அதிகம் பிழைபடுவது இதுவே என்பது என் கருத்து.

3. கைப் படத்தில் மையக் கதிர் நடுவிரலின் அடிமூட்டில் விழ வேண்டும்.

4. ஸ்கேபாய்டு (மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கச் சிற்றெலும்பு) முறிவு ஐயத்திற்காக மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் நிலையை ஒருவருக்கொருவர் செய்து பார்ப்போம் (கதிர் செலுத்தாமல்தான்).

5. ஞாயிறு மெகா பிளாக் (பராமரிப்புக்காகப் புறநகர் ரயில்களைக் குறைப்பது) இருக்கக்கூடும் என்பதால் முன்னதாகவே புறப்படவும்.

வருகிறீர்களா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் இக்குழுவிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஒருங்கிணைப்பாளர்