ஆறாம் தேதி கோயிலுக்குப் போயிட்டு வாம்மா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். வாட்ஸப்ல இவ்வளவு டைப் பண்ணா நீ பாதிதான் படிப்ப, அதான் மெயில்ல போடுறேன். வீட்ல எல்லாரும் நல்லாருக்கோம், அப்பாவுக்கு முட்டி வலி இப்ப கொஞ்சம் பரவால்ல.

டிசம்பர் 25ஆம் தேதி நீ போன்ல அழுததுல இருந்து எனக்கு மனசே சரியில்லம்மா. ஆர்மேனியாவுல, இந்த எரெவான்ல அன்னைக்கு யாருக்கும் பண்டிகையே இல்ல, இங்க கிறிஸ்துமஸ் ஜனவரி 6தான், அப்ப நம்ம தேதி பொய்யா இவங்க தேதி பொய்யா, எல்லாமே குத்துமதிப்பா போட்டதுன்னு ரூம்ல ஒரு பொண்ணு சொல்றா, ஞாயிறு மறைக்கல்வி எடுக்குற உனக்கே தெரியாதாம்மான்னு கேட்ட. அன்னைக்கு எனக்கு பதில் வரல. நாலு நாளா படிச்சிட்டு உக்காந்து எழுதுறேன்.

அம்மாச்சி பொறந்த தேதி நம்ம வீட்ல யாருக்காச்சும் தெரியுமா? ஆதார் கார்டுல போட்டிருந்தது யாரோ எழுதுன தேதி. ஆனா அவங்க இறந்த நாள் உனக்கே தெரியும், வருசா வருசம் பூசைக்கு எழுதிக் குடுக்குறோம், நீ சின்ன பிள்ளைல இருந்து கல்லறைக்கு மெழுகுவர்த்தி தூக்கிட்டு வந்திருக்க. ஆதி கிறிஸ்தவங்களும் அப்படித்தாம்மா. ஸ்மிர்னாவுல, இப்ப துருக்கியில இஸ்மிர்னு சொல்றாங்களே அந்த ஊர்ல, ஆயரா இருந்த பொலிக்கார்ப்பை எரிச்சுக் கொன்னப்ப அந்த சபை மக்கள் எலும்பை எடுத்து வச்சு, அவர் சாட்சியா செத்த நாளைப் பிறந்த நாளா கொண்டாடுவோம்னு எழுதி வச்சிருக்காங்க. செத்த நாள்தான் பிறந்த நாள்! பிறந்த நாள் கொண்டாட்டத்துமேல அவங்களுக்குப் பெரிய மதிப்பில்ல, வேதாகமத்துல பிறந்த நாள் கொண்டாடுனது பார்வோனும் ஏரோதும்தான்னு அந்தக் காலத்து வேத அறிஞர் ஓரிஜன் பிரசங்கத்துல சொல்லியிருக்கார், ஏரோது அந்த விருந்துலதானே திருமுழுக்கு யோவான் தலையை வெட்டுனான்.

அதனால அவங்க முதல்ல தேடுனது இயேசு இறந்து உயிர்த்த நாளைத்தான், அதுலயே சண்டை வந்துச்சு. ஆசியான்னு அப்ப சொன்ன, இப்ப துருக்கி இருக்குற பக்கத்து சபைங்க, இயேசு இறந்தது யூதங்களோட பாஸ்கா பண்டிகை சமயத்துலங்கிறதால, அவங்க காலண்டர்ல நிசான் மாசம் 14ஆம் நாள் என்ன கிழமையில வந்தாலும் அன்னைக்கே விழா வச்சாங்க, ரோம்ல ஞாயித்துக்கிழமைதான்னு நின்னாங்க. 155 வாக்குல பொலிக்கார்ப்பு வயசான காலத்துல ரோமுக்கே போயி பாப்பரசர் அனிசெத்துஸ்கிட்ட பேசுனார், நான் அப்போஸ்தலர் யோவான்கூட இருந்து இப்படித்தான் கொண்டாடுனேன்னு இவர் சொல்ல, எனக்கு முன்னாடி இருந்த மூப்பர்கள் வழியை நான் விட மாட்டேன்னு அவர் சொல்ல, ரெண்டு பேரும் இறங்கி வரவே இல்ல. ஆனா அனிசெத்துஸ் தன் கோயில்லயே பொலிக்கார்ப்பை பூசை வைக்கச் சொல்லிக் குடுத்துட்டார், சமாதானமாவே பிரிஞ்சாங்க. இதைப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வச்சிட்டேன்மா, அவ்வளவு நல்லாருந்துச்சு.

அப்புறம் 190 வாக்குல விக்டர்னு ஒரு பாப்பரசர் ஆசியா சபைங்களை மொத்தமா விலக்கப் பார்த்தார், லியோன் ஆயர் இரனேயு வேண்டாம்னு கடிதம் போட்டார், நோன்பு நாள் மாறுறதே நம்ம விசுவாசம் ஒண்ணுன்னு காட்டுதுங்கிற மாதிரி எழுதியிருக்கார். கடைசியா 325ல ஆயர்கள் கூடுன நிசேயா சங்கத்துலதான் எல்லாரும் ஒரே ஞாயித்துக்கிழமைன்னு முடிவாச்சு. அலெக்சாந்திரியா ஆயர் வருசா வருசம் ஈஸ்டர் தேதி சொல்லி கடிதம் அனுப்புவார், அப்படி 367ல அத்தனாசியு அனுப்புன கடிதத்துலதான் இன்னைக்கு நம்ம புதிய ஏற்பாட்டுல இருக்குற 27 புத்தகங்களும் கூடாம குறையாம முதல் தடவையா ஒரே பட்டியல்ல வருதாம், தேதி சொல்ற கடிதத்துல!

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். பிறந்த தேதி யாருக்கும் தெரியாதுங்கிறது நிஜம்தான், 200 வாக்குல அலெக்சாந்திரியாவுல இருந்த கிளமெந்துங்கிற வேத ஆசிரியர் எழுதும்போது சிலர் மே 20ங்கிறாங்க, சிலர் ஏப்ரல் 19 இல்லாட்டி 20ங்கிறாங்க, டிசம்பர் 25 பேச்சே இல்ல. ஆனா குத்துமதிப்பும் இல்லம்மா. இயேசு இறந்த நாளா வச்சிருந்த நிசான் 14ங்கிறதை ரோமன் காலண்டருக்கு மாத்தி, மேற்குல இயேசு இறந்தது மார்ச் 25ன்னு கணக்குப் போட்டாங்க, அந்தக் காலத்து கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதை எழுதியிருக்கார். மாதா வயித்துல அவர் உருவானதும் அதே மார்ச் 25தான்னு நம்புனாங்க, பின்னாடி வந்த ஆயர் புனித அகுஸ்தினார் அதைத் தெளிவாவே சொல்றார். நாம மங்கள வார்த்தை திருநாள் வைக்கிறோம்ல, அதே நாள். அதுல இருந்து ஒம்பது மாசம் எண்ணிப் பாரு, டிசம்பர் 25. கிழக்குப் பக்கம் அதே நிசான் 14ஐ அவங்க காலண்டர்படி ஏப்ரல் 6ன்னு எடுத்தாங்க, அங்க இருந்து ஒம்பது மாசம், ஜனவரி 6!

டிசம்பர் 25ங்கிறது ரோமர்களோட சூரியன் பண்டிகையை மாத்திப் போட்டதுன்னும் அந்தப் பொண்ணு சொன்னாளாமே. 354ல ரோம்ல எழுதுன ஒரு காலண்டர்ல டிசம்பர் 25க்கு ரெண்டும் இருக்கு, ஒரு பட்டியல்ல வெல்ல முடியாத சூரியனோட பிறந்த நாள், இன்னொரு பட்டியல்ல யூதேயா பெத்லகேம்ல கிறிஸ்து பிறந்தார்னு. இந்த ரெண்டாவது பட்டியல் விசுவாசத்துக்காக உயிரைக் குடுத்த மறைசாட்சிகள் இறந்த நாள் பட்டியல்மா, அதோட முதல் வரியே இதுதான். சூரியன் விழாவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்னு சொல்ற அறிஞர்கள் நிறைய பேர் இருக்காங்க, நான் இல்லன்னு சாதிக்கல, ஆனா ஜனவரி 6க்கும் சேர்த்து காரணம் சொல்றது இந்த ஒம்பது மாசக் கணக்குதான், எனக்கு அதுதான் மனசுல ஒட்டுது. ரெண்டு ஊர் மக்களும் சிலுவையில இருந்து எண்ண ஆரம்பிச்சுதான் மாட்டுத்தொழுவத்துக்கு வந்திருக்காங்க.

அப்புறம் டிசம்பர் 25 மெதுவா கிழக்குலயும் பரவுச்சு, 386ல அந்தியோக்கியாவுல குருவா இருந்த யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கம் வைக்கும்போது இந்த நாள் நமக்குத் தெரிய வந்து பத்து வருசம்கூட ஆகலன்னு சொல்றார். எருசலேம்லயே ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் ஜனவரி 6தான். உங்க ஊர் ஆர்மேனியர்கள் மட்டும் பழையபடியே பிறப்பையும் யோர்தான் திருமுழுக்கையும் ஒரே நாள்ல சேர்த்து வச்சிட்டாங்க. புதுசா எதுவும் மாத்தலம்மா அவங்க.

அதனால நீ ரூம்ல உக்காந்து அழாத. 5ஆம் தேதி சாயங்காலம் கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போவாங்களாம், மறுநாள் பூசை முடிஞ்சு தண்ணியில சிலுவையை இறக்கி மந்திரிச்சு எல்லாருக்கும் குடுப்பாங்களாம். வீட்டுக்கார பாட்டி கூப்பிட்டாங்கன்னு சொன்னியே, கூடப் போ. கிறிஸ்து பிறந்தார், வெளிப்பட்டார்னு வாழ்த்து சொல்வாங்க, பதில் என்ன சொல்லணும்னு பாட்டிகிட்ட முன்னாடியே கேட்டுக்கோ. நான் அனுப்புன அச்சுமுறுக்கு மிச்சமிருந்தா உடையாததா பார்த்து ஒரு டப்பாவுல போட்டு அவங்களுக்குக் குடு. தண்ணி பிடிக்க சின்ன பாட்டில் ஒண்ணு எடுத்துக்க, தொப்பி போடாம போயிறாத, குளிர்ல உனக்கு காது வலிக்கும்.

அன்புடன்
அம்மா