குற்றவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குற்றவியல் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, ஒருவர் ஏன் குற்றவாளியாகிறார் என்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையேனும், அக்குற்றம் அந்த இடத்தில், அந்த வேளையில் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு ஒதுக்க வேண்டுகிறேன். வறுமையையும் குடும்பச் சூழலையும் நம் மாணவர்கள் பருவந்தோறும் படிக்கிறார்கள். பூட்டும் வெளிச்சமும் கேட்பாரற்று நிற்கும் வண்டியும் வினாத்தாளில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

குற்றம் செய்யத் துணிந்தவர், அவருக்கு வாய்ப்பான இலக்கு, தடுப்பார் இல்லாமை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒரே வேளையில் கூடும்போதே திருட்டு போன்ற குற்றங்கள் நிகழ்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர்களான லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979இல் விளக்கினர். குற்றம் செய்யத் துணிந்தவரைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகலாம். மற்ற இரண்டையும் மாற்ற அவ்வளவு காலம் தேவையில்லை.

மேற்கு ஜெர்மனியில் 1980இல் தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பிடிபட்ட இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினர். நோக்கம் உயிர்காப்பு மட்டுமே. ஆனால், கண்ணில் பட்ட வண்டியை அந்தக் கணத்து ஆசையில் கிளப்பிச் செல்பவர் கையில் தலைக்கவசத்தோடு திரிவதில்லை. வெறுந்தலையோடு சென்றால் அடுத்த தெருவிலேயே காவலர் நிறுத்துவார். அவ்வாண்டில் ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986க்குள் சுமார் 54 ஆயிரமாகக் குறைந்தன. திருடர்கள் காருக்கு மாறியிருப்பார்கள் என்ற வழக்கமான மறுப்பு இங்கு எடுபடாது. கார் திருட்டு சில ஆயிரமே கூடியது. குறைந்ததோ ஏறத்தாழ ஒரு லட்சம்.

இங்கிலாந்தின் ராச்டேல் அருகிலுள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில், 1980களில், கன்னமிடப்பட்ட வீடுகளே மீண்டும் மீண்டும் கன்னமிடப்பட்டன. காசு போட்டு இயக்கும் எரிவாயு மீட்டர்களில் பணம் சேர்வதைத் திருடர்கள் அறிந்திருந்தனர். அவற்றை அகற்றி, பறிகொடுத்த வீடுகளுக்கு முதலில் பாதுகாப்பளித்து, அக்கம்பக்கத்தாரையும் கவனித்துக்கொள்ளச் செய்தபின் திருட்டு வெகுவாகக் குறைந்தது.

சூழலை மாற்றிக் குற்றத்தைத் தடுக்கும் இம்முறைக்கும் எல்லை உண்டு. எவரும் உட்கார முடியாதபடி பூங்காவை மாற்றிவிட்டுக் குற்றம் ஒழிந்தது என்று அறிக்கை எழுதுபவர்களையும் பார்க்கிறோம். அதைக் கேள்வி கேட்கவும் மாணவருக்குப் பயிற்சி வேண்டும்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி குற்றத்தைத் தடுக்கும் வழிகளை ஆராயும் குற்ற அறிவியலுக்கென 2001இலேயே ஒரு நிறுவனம் தொடங்கியது. நான் கேட்பது அவ்வளவு பெரிதன்று. ஒரு பருவம் போதும். அதில் ஒவ்வொரு மாணவரும் ஒரே வகைக் குற்றத்தை எடுத்துக்கொண்டு, அது நடந்த இடத்தை நடந்த வேளையிலேயே நேரில் பார்த்து, எதை மாற்றினால் அது தடைபடும் என்று எழுதட்டும். அதற்கு எழுத்துத் தேர்வுக்கு இணையான மதிப்பெண்ணும் வழங்குங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவர்